தட்டேந்திய கை

ஒவ்வொரு முறையும் அது கேட்கும்:
இந்தக் காணொளியில் ஒலி இல்லை,
பாட்டு ஒன்று சேர்க்கலாமா?
வேண்டாம் என்று ஆறு வருடம் அழுத்தினோம்
நாற்பத்து மூன்று பேர்.
பாளையங்கோட்டையில் ஒரே பள்ளியில் கை பழகியவர்கள்,
இப்போது பேட்டை, மேலப்பாளையம், வள்ளியூர்,
ஒருவன் ஷார்ஜா.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
இசக்கியம்மாள் தன் வெள்ளாடு குட்டி போட்ட கதையைச் சொன்னதை
ஆபாசம் என்று எடுத்துவிட்டார்கள்.
எந்த விரல், எந்த நொடி என்று சொல்லவில்லை.
கண்ணாடி முன் நின்று
திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்,
தன் கையையே சந்தேகித்து.
மேல்முறையீட்டுக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள்.
அழைத்துப் பேசவும்.

நமக்கென்று ஒரு சர்வர் வைத்துக்கொள்வோம் என்றான் செய்யதலி,
எழுத்தெழுத்தாக விரலில்.
இசக்கியம்மாள் உடனே
ஓட்டலில் தட்டேந்தி வருகிறவனைக் காட்டினாள்:
தோளருகே உயர்ந்த உள்ளங்கை,
மேசைகளுக்கு நடுவே நெளிகிற இடுப்பு.
சிரித்து முடித்தபின்
வேறு எந்தச் சைகையும் எடுபடவில்லை.

சமாதானபுரத்தில் பொன்சிங்கின் ஜெராக்ஸ் கடை.
லேமினேஷன் மிஷினுக்குப் பின்னால்
டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி.
கை வைத்தால் லேசாக அதிரும்.
அதற்குள் இருக்கிறோம்.
தலைக்கு மாதம் முப்பது ரூபாய்.

தூத்துக்குடிக்காரர்கள் தனிப்பெட்டி வைத்திருக்கிறார்கள்,
நாகர்கோவிலுக்கும் ஒன்று.
ஒரு குளம் நிறைந்தால்
மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகுமே,
அப்படி நம் பேச்சு அங்கே போகும்,
மடைச்சாவி மட்டும் அவரவர் கையில்
என்று விளக்கினான் செய்யதலி.
அப்படியென்றால் கடைசிக் குளம் யார் என்றாள் இசக்கியம்மாள்.
அவளுக்குக் கடைமடையில் அரை ஏக்கர்.
அதற்கு அவனிடம் பதில் இல்லை.
எங்கள் சர்வர் சைகையைப் பார்த்த தூத்துக்குடி
ரெண்டு காபி என்றது.

வந்தவர்கள் இருபத்தாறு.
பேச்சிமுத்து வரவில்லை.
அங்கே நாலாயிரம் பேர் என் கையைப் பார்க்கிறார்கள்,
இங்கே யார் என்றான்.
அதுவும் நியாயம்தான், அவன் எண்ணெய் விற்கிறவன்.

ராஜகனியைக் கொண்டுவர முடியவில்லை.
மஞ்சள் காமாலையில் போனவன்,
கணக்கின் கடவுச்சொல்லும் அவனோடு போயிற்று.
கொக்கிரகுளம் பஸ் நிறுத்தத்தில்
கண்டக்டர் சில்லறை தேடுவதை நடித்துக் காட்டுகிறான்,
நாற்பது நொடி.
கீழே முன்பின் தெரியாத யாரோ
ஊமை காமெடி என்று எழுதிப் போயிருக்கிறார்கள்.
வெள்ளிக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.
இப்போது அதன்மேல் ஒரு பாட்டு ஓடுகிறதாம்,
காது கேட்கிற என் மகள் சொன்னாள்.
என்ன பாட்டு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இங்கேயும் சண்டை உண்டு.
சபைத் தேர்தல் நேரம் செல்வின் போட்ட ஒன்றை
நாங்களே எடுக்க வேண்டியதாயிற்று.
அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.
எந்த விரல், எந்த நொடி என்று
அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னோம்.
இன்னும் முகம் கொடுப்பதில்லை.
முப்பது ரூபாய் மட்டும் தேதி தவறாமல் வந்துவிடுகிறது.

நேற்று ஏழு மணிக்கு மழை.
சமாதானபுரத்தில் கரண்ட் போனது,
இருபத்தாறு போன்களிலும் வெறும் வட்டம் சுற்றியது.
ஒன்றேகால் மணி நேரம்.
எங்களை ஊமை என்று சொல்ல ஆசைப்படுகிறவர்கள்
அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

பேட்டரியைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறான் பொன்சிங்.
முதலில் வந்தது அவன்தான்:
இருட்டுக் கடை, ஒட்டிய சட்டை,
மழை சொட்டுகிற முழங்கை.
சொல் ஒன்றுமில்லை.
தோளருகே உயர்ந்த உள்ளங்கை,
அதன்மேல் எதுவும் சிந்திவிடாத கவனம்.